என் கணவர் மலாயில் சொன்ன நாடகம்

டிவி நாடகத்தில் ஒரு தொழிலாளிக்கு வேலை போனால் அடுத்த காட்சியிலேயே அவனுக்குத் தாடி வந்துவிடும். நேற்றுவரை மழமழவென்று இருந்த முகத்தில் ஒரே ராத்திரியில் அவ்வளவு முடி எப்படி முளைக்கும் என்று நான் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தாடி வந்ததும் பாட்டில் வரும். பாட்டில் வந்ததும் கை நீளும். மனைவி மூலையில் உட்கார்ந்து அழுவாள், பிள்ளை காய்ச்சலில் படுக்கும். கடைசியில் ஒன்று அவன் செத்துப்போவான், இல்லாவிட்டால் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் சொத்தை எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போவார். ஒரு சாவு விழாமல் அந்தக் கதையை முடிக்க எந்த நாடகக்காரருக்கும் தெரிந்ததில்லை. "நாடகம்தானே, சும்மா பாரும்மா" என்பார்கள் என் மகள்கள். என்னால் சும்மா பார்க்க முடியாது. எங்கள் வீட்டிலும் ஒருவருக்கு வேலை போயிருக்கிறது. அவர் ஒரு நாள்கூடச் சவரம் செய்யாமல் இருந்ததில்லை.

அவர் என் கணவர். நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் நான் ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால் எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த சில வருடங்களில் கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு, காஜா பேராங்குக்கு வந்தேன். கம்போங் செட்டி கிராமத்தை ஒட்டி ஒரு பலகை வீடு, வாடகைக்கு. அவருக்கு வேலை கிளேபாங்கைத் தாண்டிக் கடலோரமாக இருந்த ராணுவ முகாமில். நாங்கள் கேம்பு என்போம். வெள்ளைக்கார ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் அவர் குக்கு. வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. இருட்டோடு சைக்கிளில் கிளம்பிப் போய், சாயங்காலம் வெண்ணெய் வாசத்தோடு திரும்புவார். ஆட்டு இறைச்சியைச் சுடுவார், மாவுக்குள் இறைச்சி வைத்துப் பை செய்வார், புட்டிங் செய்வார். வீட்டில் ஒரு முட்டை அவித்துத் தரமாட்டார். "நான் சம்பளத்துக்குத்தான் சமைப்பேன்" என்று சிரிப்பார். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு நானும் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

வெள்ளைக்காரப் பட்டாளம் நாட்டை விட்டுக் கிளம்பும் காலம் வந்தது. கேம்பை நம்பிப் பிழைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ குடும்பம். துணி துவைத்தவர், புல் வெட்டியவர், லோரி ஓட்டியவர், பிள்ளை பார்த்துக்கொண்ட பெண்கள் என்று எல்லாரும் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். போகிற சோல்ஜர்கள் கட்டில், மேசை, மின்விசிறி என்று கண்டதையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மெஸ்ஸைப் பார்த்துக்கொண்ட சார்ஜெண்ட் என் கணவருக்கு ஒரு டிவி பெட்டியைக் கொடுத்தார். கொடுக்கும்போது கண் கலங்கினாராம். "வேலைய எடுத்துக்கிட்டுப் பெட்டியக் குடுத்திருக்காரு, நல்ல மனுசன்" என்று நான் சொன்னேன். அவர் என்னை முறைத்துவிட்டு, ரம்புத்தான் மரத்தில் ஏரியல் கம்பத்தைக் கட்டப் போனார்.

முதலில் அவர் சும்மா இருக்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டவுனில் இருந்த ஹோட்டல்களை எல்லாம் ஏறி இறங்கினார். வெள்ளைக்காரச் சமையல் நடக்கும் இடங்களில் ஹைலாம் சீனர்கள் அப்பா, பிள்ளை, மருமகன் என்று பிடித்துவைத்திருந்தார்கள். நுழைய இடமில்லை. மெல்ல மெல்ல வெளியே போவதை விட்டார். ஆனால் எழுகிற நேரம் மாறவில்லை. எழுவார், சவரம் செய்வார், சட்டைக்கு இஸ்திரி போடுவார், போட்டுக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். குடிக்கவில்லை, அடிக்கவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. பேச்சுதான் குறைந்துகொண்டே போனது. குழம்பில் உப்பு குறைந்தாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். ஒரு குக்கு உப்பு குறைந்ததைச் சொல்லவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய சீக்கு என்று எனக்குத்தான் தெரியும்.

நான் பசிக்குப் பயப்படவில்லை. என்னிடம் தையல் மெஷின் இருந்தது, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு இருப்பதை வைத்துச் சமாளிக்கத் தெரியும். இந்த மனிதர் நாற்காலியோடு நாற்காலியாகப் போய்விடுவாரோ என்றுதான் பயந்தேன். விடக்கூடாது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி ஒன்று வேலியோரமாக வந்தது. பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டி சமூகத்து அம்மாள் ஒருவர் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நான் அக்கா என்பேன், அவர் என்னை மலாயில் அடெக், அதாவது தங்கச்சி, என்பார். சாரோங், கெபாயா, நெற்றியில் திருநீறு. கோயிலில் நம்மைவிடப் பக்தியாகக் கும்பிடுவார், வாயைத் திறந்தால் மலாய்தான். பல நூறு வருடம் முன்னால் இங்கே வந்து தமிழை மறந்துபோன வம்சம். அவருடைய தம்பி குருபோங் பக்கம் ரோடு போடும் இடத்தில் மண்டோர், கூலியாட்களை மேய்க்கிறவர். அங்கே வேலை செய்பவர்களுக்கு மத்தியானச் சோறு சமைக்க ஆள் இல்லையாம். இருந்தவன் சமைத்ததை நாய்கூட மோந்துவிட்டுப் போனதாம். "உன் வீட்டுக்காரரைக் கேள். என் வீட்டிலேயே பெரிய சட்டியெல்லாம் இருக்கிறது, கொல்லையில் சமைத்துத் தம்பியின் லோரியில் ஏற்றிவிடலாம்" என்றார்.

நான் ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து வேலிக்குப் போய், அக்காவிடம் நல்ல மலாயில் நன்றி சொல்லி, தான் ஆபீசர் மெஸ் குக்கு என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். உள்ளே வந்ததும் என்னிடம், "கூலிக்காரனுக்குச் சோறு வடிக்கவா நான் தொழில் கத்துக்கிட்டேன்?" என்றார்.

"நீங்களும் நானும் யாரு வீட்டுப் புள்ளைங்க? உங்கப்பா என்ன கவர்னரா?"

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தில் மெஷினை மிதித்த மிதியில் நூல் அறுந்தது. அக்காவோ கோபித்துக்கொள்ளவில்லை. தம்பியிடம் சொல்லி இடத்தைப் பிடித்து வைப்பதாகச் சொன்னார். "ரொம்ப நாள் வைக்க முடியாது, அடெக். ரோட்டுக்காரர்களுக்கும் பசிக்கும்" என்றார்.

இந்தச் சமயத்தில்தான் டிவியில் அந்தத் தமிழ் நாடகம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்த பிறகு, வாரத்துக்கு ஒரு பகுதி. எங்கள் வரிசையில் வேறு டிவி கிடையாது. அதனால் வேலை இல்லாதவர் வீட்டில்தான் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். வலது பக்கப் பாயில் தமிழ் ஆட்கள். அவர்களுக்கு நடுவில் டவுன் கவுன்சிலில் லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், வேர்க்கடலைக் கச்சான் பொட்டலத்தோடு, மனைவியோடு. யார் எதைச் சொன்னாலும் "அப்படியில்ல, நான் சொல்றேன் கேளு" என்று திருத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இடது பக்கப் பாயில் செட்டி அக்கா, அவர் கணவர், நாத்தனார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனால் தமிழ் நாடகத்துக்கு முதல் ஆளாக வந்துவிடுவார்கள். "எங்கள் முன்னோர் பேசிய பேச்சு. அர்த்தம் போனாலும் சத்தமாவது காதில் விழட்டுமே" என்பார் அக்கா. டிவி பக்கத்தில் நாற்காலியில் என் கணவர்; அக்கா அவரைப் பாங், அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். படம் உருண்டால் திருகி நிறுத்த அவருக்குத்தான் தெரியும். மலாய் அழகாகப் பேசத் தெரிந்தவரும் அவர்தான். அதனால் நாடகம் ஓட ஓட அக்கா கூட்டத்துக்கு மலாயில் சொல்லும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. நான் ஓரமாக உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே பார்ப்பேன்.

கதை, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வேலை போவது. அது தெரிந்திருந்தால் முதல் வாரமே பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருப்பேன். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. கதாநாயகனை முதலாளி வெளியே அனுப்பியதும் லோரி அண்ணன், "என்னா குக்கு, உன் கதைதான் ஓடுது போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அந்த வாரம் ஒரு சொல் கூடாமல் குறையாமல் அப்படியே மலாயில் சொன்னார்.

இரண்டாம் வாரம் கதாநாயகன் தாடியோடு வந்தான். குடித்திருந்தான். மனைவி சோறு போட்டாள். "நீ சம்பாதிச்சுப் போடுற சோறு எனக்கு விஷம்டி" என்று தட்டை எறிந்தான். தமிழ்ப் பாயில் இருந்தவர்கள் முதலில் என் கணவரைப் பார்த்தார்கள், பிறகு மடியில் ரவிக்கையோடு இருந்த என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இடது பாயில் இருந்து அக்கா, "என்ன சொல்கிறான், பாங்?" என்று கேட்டார்.

என் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மலாயில் மெதுவாகச் சொன்னார். "நீ ஒருத்தியாகக் கஷ்டப்படுகிறாய், எனக்குச் சோறு இறங்கவில்லை என்கிறான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அதற்குள் டிவியில் அவன் மனைவியை ஓங்கி ஓர் அறை விட்டான்.

"பிறகு ஏன் அடித்தான்?" என்றார் அக்கா.

"கன்னத்தில் கொசு" என்றார் என் கணவர்.

லோரி அண்ணனுக்குக் கச்சான் புரையேறிவிட்டது. இருமி முடித்துவிட்டு, வழக்கம்போலத் திருத்துவதற்கு வாயைத் திறந்தார். அவர் மனைவி தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். தமிழ்ப் பாயில் இருந்த எல்லாருக்குமே மலாய் தெரியும். ஒருவரும் திருத்தவில்லை. அக்கா மட்டும், "பெரிய கொசுவாகத்தான் இருக்க வேண்டும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பெட்டியில் இரண்டு நாடகம் ஓடியது. தமிழில் அவன் கத்துவான், மலாயில் வருத்தப்படுவான். தமிழில் கள்ளுக்கடைக்குப் போவான், மலாயில் வேலை கேட்கப் போய்விட்டு வருவான். தள்ளாடிக்கொண்டு வருகிறானே என்று அக்கா கேட்டால், ரொம்ப தூரம் நடந்த களைப்பு என்பார் என் கணவர். எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் வாரம் சிரிப்பு நின்றுபோனது.

அந்த வாரம் கதாநாயகன் தனியாக நின்று விதியைத் திட்டி நீளமாக வசனம் பேசினான். அடுக்குமொழி, ஆவேசம், பின்னால் வயலின். என் கணவர் டிவியைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு மலாயில் சொல்லிக்கொண்டே போனார்.

"காலையில் எழுந்ததும் கை தானாகக் கத்தியைத் தேடுகிறது என்கிறான். வெங்காயம் நறுக்கிப் பழகின கை. இப்போது சும்மா கிடக்கிறது. அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை என்கிறான். வீட்டில் எல்லாரும் நல்லபடியாகத்தான் நடத்துகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை என்கிறான்."

"இவன் தொழிற்சாலையில்தானே இருந்தான்? வெங்காயம் எங்கிருந்து வந்தது?" என்றார் அக்காவின் கணவர்.

"அவன் வீட்டில் அவன்தான் சமையல்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஊசி கையிலேயே நின்றுவிட்டது. வேலை போன நாளிலிருந்து இந்த மனிதர் என்னிடம் இப்படி நாலு வார்த்தை பேசியது கிடையாது. என்னிடம் சொல்ல முடியாததை எல்லாம் அந்தத் தாடிக்காரன் வாயில் வைத்து, ஊர் ஆட்கள் நடுவில், மலாயில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஒரே அறையில் படுக்கிற பெண்டாட்டிக்கு இல்லாத பேச்சு வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கா? அதற்குப் பிறகு நான் நாடகத்தைத் தமிழில் கேட்பதையே விட்டுவிட்டேன். மலாய்க்குத்தான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவர் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

"அந்த ஆளு கையப் பத்திச் சொன்னாரே, ரொம்ப நல்லா இருந்திச்சு."

"எந்த ஆளு?"

"டிவி ஆளுதான்."

"அது நாடகம்."

"தமிழ்ல அப்படி ஒன்னும் வரலையே."

கன்னத்தில் பிளேடு நின்றது. சோப்பு நுரைக்குள் இருந்து இரண்டு கண் மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தது. பிறகு பிளேடு மறுபடி நகர்ந்தது. அவரிடம் நேராகக் கேட்டுப் பயனில்லை என்று அப்போது எனக்கு நன்றாகவே விளங்கியது.

நாலாம் வாரம் டிவியில் ஒரு பெரியவர் வந்து, மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை இருக்கிறது, வா என்று கதாநாயகனைக் கூப்பிட்டார். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இயந்திரத்தை ஆண்ட கைகள் மூட்டை சுமக்குமா?" என்று கேட்டுக் கதவைப் படாரென்று சாத்தினான். என் கணவர் ரோட்டு வேலையைத் தட்டிவிட்டது அதற்குள் எங்கள் வரிசை முழுக்கத் தெரியும். லோரி அண்ணன் கச்சான் கொறிப்பதை நிறுத்தினார். அக்கா பாயில் இருந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வேலை கொடுக்க வந்தவர்தானே அவர்? ஒத்துக்கொண்டானா, பாங்?"

என் கணவர் டிவியைத் திருகிக்கொண்டே, "யோசிக்கிறான்" என்றார்.

"எவ்வளவு நேரம் யோசிப்பான்? யோசித்தால் சோறு வெந்துவிடுமா?"

இரண்டு பாயும் சேர்ந்து சிரித்தது. என் கணவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவரும் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. கல்லில் ஒரு கீறல் விழுந்தமாதிரி எனக்குத் தெம்பு வந்தது.

கடைசிப் பகுதி வருவதற்கு முந்தின நாள் வேலியோரம் அக்கா என்னைக் கூப்பிட்டார். தம்பி வேறு ஆளைப் பார்த்துவிட்டானாம். திங்கட்கிழமை காலையில் உன் வீட்டுக்காரர் அடுப்பு பற்றவைத்தால் வேலை அவருக்கு, இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு, இனி என்னால் பிடித்துவைக்க முடியாது என்றார். சொல்லிவிட்டுப் போகாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடெக், எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அறை தெரியும். குடிகாரன் நடை தெரியும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அக்கா, அவர் வேண்டுமென்று..." என்று இழுத்தேன்.

"எனக்கு அந்த டிவிக்காரன் கதை வேண்டாம். உன் வீட்டுக்காரர் சொல்கிறாரே, அந்த ஆளைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. நல்ல ஆள். அவன் என்ன ஆகிறான் என்று பார்க்கத்தான் வருகிறேன்" என்றார்.

திங்கட்கிழமைக் கெடுவைக் கணவரிடம் சொன்னேன், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டார். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. கடைசிப் பகுதியில் அந்தத் தாடிக்காரனைக் கொன்றுவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவனுக்கு வேறு எந்த வழியையும் அவர்கள் திறந்து வைக்கவில்லை. அதை என் கணவர் எல்லார் முன்னாலும் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தச் சாவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிடும் என்று பயந்தேன். ஏரியல் வயரை அறுத்துவிடலாமா என்றுகூட யோசித்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். பிறகு எனக்கே வெறுப்பாக இருந்தது. யாரோ எழுதின கதைக்குப் பயந்து நான் ஏன் வயரை அறுக்க வேண்டும்? ஓடட்டும் என்று கத்தரிக்கோலைப் பெட்டியில் போட்டேன். எது வந்தாலும் அந்த ஆளை நான் சாகவிடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வாசல்வரை. உள்ளே இடமில்லாமல் சிலர் ஜன்னலில் நின்றார்கள். நாடகம் நான் நினைத்தபடியே போனது. பிள்ளைக்குக் காய்ச்சல், வட்டிக்காரன் மிரட்டல், மனைவி கோயிலில் அழுகை. கடைசியில் விடியற்காலையில் அவன் வீட்டைவிட்டுக் கிளம்பினான். தூங்குகிற பிள்ளையைக் குனிந்து பார்த்தான். ஆற்றங்கரைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மடித்துக் கல்மேல் வைத்தான். தண்ணீருக்குள் நடந்தான். அடுத்து மனைவி கரையில் ஓடிவந்து, சட்டையைக் கட்டிக்கொண்டு கதறினாள். வலது பாயில் பெண்கள் எல்லாரும் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள்.

"என்ன ஆயிற்று? எங்கே போகிறான் அவன்?" என்றார் அக்கா.

என் கணவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கழுத்தில் குரல்வளை மட்டும் ஏறி இறங்கியது. இதற்கு மேல் மாற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று நான் பார்த்தேன். டிவியில் அழுகைச் சத்தம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் இருந்த ரவிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து, டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

என் மலாய் தோட்டத்து மலாய். கடையில் மீன் வாங்கப் போதும், சபையில் பேசப் போதாது. ஆனாலும் உரக்கவே சொன்னேன்.

"டியா பெர்கி கெர்ஜா. வேலைக்குப் போகிறான்."

என் கணவர் தலையைத் தூக்கினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

"வேலைக்கா? சட்டையைக் கழற்றினானே" என்றார் அக்காவின் நாத்தனார்.

"நல்ல சட்டை. வேலையில் அழுக்காகிவிடும்."

"தண்ணீருக்குள் போனானே?"

"அந்தப் பக்கம்தான் வேலை. ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் அவன் பெண்டாட்டி ஏன் இப்படி அழுகிறாள், அடெக்?"

"இத்தனை நாளும் அவளுக்குப் பயம். பயத்தில் அழக்கூட முடியவில்லை. இப்போதுதான் அவன் போகிறான் என்று தெரிந்தது, அதனால் அழுகிறாள். அழட்டும் அக்கா" என்றேன்.

அக்கா மெதுவாக வலது பாயின் பக்கம் திரும்பினார். லோரி அண்ணனைப் பார்த்து, "உண்மையா?" என்று கேட்டார். இந்த மனிதர் நேரு பிறந்த தேதியில் இருந்து நெத்திலி விலை வரைக்கும் திருத்துகிறவர். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது.

"உண்மைதான். வேலைக்குத்தான் போகிறான். ரோட்டு வேலை. லோரி வந்து நிற்பதை நானே பார்த்தேனே" என்றார் மலாயில். அவர் மனைவி "ஆமா ஆமா" என்றார். ஜன்னலில் நின்றவர்களில் ஒருவர், "நானும் பார்த்தேன்" என்றார். வலது பாய் முழுவதும், மூக்கைச் சிந்திக்கொண்டே, அவன் வேலைக்குப் போனதாகச் சாட்சி சொன்னது.

அக்கா அப்போதுதான் என் கணவரிடம் திரும்பினார். குரலில் கேலி இல்லை. "பாங், அவன் எத்தனை மணிக்குப் போக வேண்டும்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். கேம்பு மூடிய பிறகு அவர் என்னை அப்படி முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. நானும் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தோற்றிருப்பேன்.

"நாலு மணிக்கே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அத்தனை பேருக்குச் சோறு வடிப்பது விளையாட்டில்லை. விறகு காய்ந்ததாக இருக்க வேண்டும்" என்று அக்காவுக்கு மலாயில் பதில் சொன்னார்.

"காய்ந்ததுதான். கொல்லையில் அடுக்கி வைத்திருக்கிறேன்" என்றார் அக்கா.

டிவியில் பிணத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கணவர் எழுந்து போய் அதை அணைத்தார். வெளிச்சம் சுருங்கிப் புள்ளியாகி மறைந்தது. ஆட்கள் பாயைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாகப் போன லோரி அண்ணன் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"காலையில என்னை எழுப்பிவிடு, புள்ள" என்றார். தமிழில், என்னிடம்.